முத்துக்குளித்துறையில் காதுக்கருவித் தேர்வு: கயிற்றுக் கோட்பாட்டை முன்வைத்து ஒரு முன்னோடி ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

முத்தைப் பற்றி நூல்கள் இருக்கின்றன. சங்கைப் பற்றி இருக்கின்றன. உப்பளம், தோணி, பனிமய மாதா தங்கத்தேர், பவளப்பாறை என்று ஒன்றையும் விட்டுவைக்காமல் எழுதிவிட்டார்கள். முட்டை வெள்ளைக்கருவையும் முந்திரியையும் சர்க்கரையையும் அடித்துக் கூம்பாகப் பிழிந்து சுடும் மக்ரூனுக்குக்கூட எழுத ஆள் கிடைத்தது. தூத்துக்குடிக்காரரின் காதைப் பற்றி மட்டும் எவரும் ஒரு வரி எழுதவில்லை. இத்தனைக்கும் அந்தக் காது வெறுமனே இருப்பதில்லை. திரேஸ்புரத்திலிருந்து முள்ளக்காடு வரை எந்தத் தெருவில் பார்த்தாலும் அதில் ஏதோ ஒன்று செருகியிருக்கிறது.

எதைச் செருகுவது என்பதில்தான் குழப்பம். கடைக்காரர் ஒன்று சொல்கிறார். பெட்டி மேல் வேறொன்று அச்சாகியிருக்கிறது. சித்தப்பா மகன் இரண்டையும் மறுத்து மூன்றாவதாக ஒன்றைச் சொல்லிவிட்டு, தான் வாங்கியதையே வாங்கச் சொல்கிறான். இக்குழப்பத்தை அறிவியல் முறையில் அணுகுவதே இவ்வாய்வின் நோக்கம். தீர்ப்பதாக உறுதிமொழி ஏதும் அளிக்கப்படவில்லை.

ஆய்வு முறையியல் குறித்து ஒரு சொல். முதலில் வினாநிரல் முறையே திட்டமிடப்பட்டது. பழைய பேருந்து நிலையத்தில் வினாநிரலோடு நின்றபோது ஓர் இடர்ப்பாடு தெரியவந்தது: ஹெட்செட் மாட்டியிருந்தவர்களுக்குக் கேள்வி காதில் விழவில்லை; கேள்வி காதில் விழுந்தவர்கள் ஹெட்செட் மாட்டாதவர்கள், ஆகவே ஆய்வு எல்லைக்குள் வரவில்லை. எனவே தரவுகள் பார்வை வழியாகவும், பக்கத்து இருக்கையில் கசியும் பாட்டை ஒட்டுக்கேட்கும் வழியாகவும் திரட்டப்பட்டன.

வீட்டில் உட்கார்ந்து கேட்பதற்கான 250 ஓம், 300 ஓம் பெரிய ஹெட்போன்கள் எல்லைக்கு வெளியே வைக்கப்படுகின்றன. கைபேசியின் வலுவுக்கு அவை அசைந்துகொடுப்பதில்லை. கெஞ்சுகிற குரலில் பாடும். நடையிலும் பேருந்திலும் கேட்பதற்கு 16 முதல் 32 ஓம் வரையிலான சிறு கருவிகளே ஏற்றவை. பெட்டியில் அச்சாகும் எண்களுள் உருப்படியாகப் பயன்படுகிற ஒரு சில எண்களில் இது ஒன்று.

முன்னோர் ஆய்வுகள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டு அடுக்களையில் ஹெட்போன் செய்து, 1910இல் அமெரிக்கக் கடற்படைக்கு விற்றார். பிறந்த வீட்டை விட்டு அது முதலில் போன இடம் கப்பல் என்பதைக் கருத்தில் கொள்க. கடலுக்கும் ஹெட்போனுக்கும் உள்ள உறவு இவ்வாய்வாளரின் கற்பனை என்று புறமதிப்பீட்டாளர் எவரும் சொல்லிவிட முடியாது. ஏறக்குறைய அதே காலத்தில் இந்தக் கரையில் ஜேம்ஸ் ஹார்னெல் என்ற அதிகாரி சங்கு ஆராய்ச்சியில் மூழ்கியிருந்தார். இந்தியாவின் புனிதச் சங்கு பற்றிய அவர் நூல் 1914இல் வெளிவந்தது. சங்கைக் காதில் வைத்தால் இரைச்சல் கேட்கிறதே, அது கருவிகளுள் எவ்வகைத்து என்னும் கேள்வியை அவர் நமக்காக விட்டுவைத்தார் போலும். பின்னால் வருகிறேன்.

1958இல் ஜான் காஸ் ஸ்டீரியோ ஹெட்போனைக் கொண்டுவந்தார். 1979 ஜூலையில் சோனியின் வாக்மேன். இவ்விரண்டையும் உலகம் அறியும். உலகம் அறியாதது இனிமேல்தான்.

மன்னார் வளைகுடாவில் எடுத்த சங்கு காலங்காலமாக வங்காளத்துக்குப் போயிற்று. அங்கே அதை அறுத்து, மணமான பெண்களின் கைக்கு வளையல் செய்தார்கள். நாம் அனுப்பிக்கொண்டே இருந்தோம்; வங்காளம் நமக்கு என்ன திருப்பிக் கொடுத்தது என்று பொருளியலார் எவரும் கேட்டதில்லை. விடை 1978இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா திரும்பிய விமானத்தில், இயந்திர இரைச்சலுக்கு நடுவே பாட்டுக் கேட்க முடியாமல் எரிச்சலுற்ற பேராசிரியர் ஒருவர், இரைச்சலை இரைச்சலாலேயே அழிக்கும் கணக்கை இருக்கையிலேயே போட்டுப்பார்த்தார். அவர் அமர் போஸ். அவருடைய தந்தை வங்காளத்துக்காரர். ஆங்கிலேயரை எதிர்த்துச் சிறைப்பட்டு, அமெரிக்காவுக்குத் தப்பிப் போனவர். 1989இல் விமானிகளுக்கும் 2000இல் பயணிகளுக்கும் அந்தக் கருவி விற்பனைக்கு வந்தது. சங்கு போன கணக்கும் ஹெட்போன் வந்த கணக்கும் இத்துடன் நேராகின்றன. காரண காரியத் தொடர்பு நிறுவப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது.

காதின் சுமைதாங்கு திறன் பற்றி ஐயுறுவோர்க்கு ஒரு துணைச் சான்று: பாம்படம். துளையைச் சிறுகச் சிறுகப் பெரிதாக்கி, காது தோளைத் தொடும்படி வளர்த்து, அரக்கு நிரப்பிய பொன்னைத் தொங்கவிட்டு, அதோடு களையெடுத்து, தண்ணீர் சுமந்து, பேரப்பிள்ளையையும் தூக்கியவர்கள் இப்பகுதிப் பாட்டிமார்கள். அவர்களுடைய பேரன் இன்று நாலு கிராம் இயர்பட்டை மாட்டிக்கொண்டு ‘காது வலிக்கு’ என்கிறான். மரபணுவியலார் விளக்கவேண்டிய இடம்.

தரம் பிரித்தல்

கடலிலிருந்து வந்த முத்தைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. அவற்றுக்கு 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்று எண். 20இன் துளை பெரிது. 1000இன் துளை பொடி. ஒன்றன்பின் ஒன்றாகச் சலித்து அளவு பிரித்தபின், உருண்டையையும் ஒளியையும் பார்த்து ஆணி, மசங்கு, மடங்கு, வடிவு, தூள் முதலான பெயர்களில் மறுபடி பிரிப்பார்கள். அப்படிப்பட்ட ஊருக்குப் பெட்டியில் போட்டு என்ன அனுப்புகிறார்கள்? சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்றே மூன்று சிலிக்கான் குமிழ்கள். முத்துக்குப் பத்துச் சல்லடை. முத்தைவிட நுட்பமான காதுக்கு மூன்று. இந்த அநீதி இதுவரை எங்கும் பதிவாகவில்லை.

இருக்கிற மூன்றையும் போட்டுப்பார்ப்பவரும் இல்லை. ஆய்வின் பொருட்டு ஒரு கைபேசிக் கடையில் ‘பேஸ் எப்படி?’ என்று கேட்டபோது, கடைத் தம்பி சொன்ன பதில்: “அண்ணாச்சி, இதப் போட்டுக் கேட்டீங்கன்னா தவில் நெஞ்சுக்குள்ள அடிக்கும்.” போட்டுக் கேட்டதில் தவில் பக்கத்துத் தெருவில் அடித்தது. குமிழைப் பெரிதாக மாற்றிப் போட்டதும் தவில் தெருவைக் கடந்து கடைக்குள் வந்தது. இதில் மாயம் ஏதுமில்லை. காதுத் துளையைக் குமிழ் முழுதாக அடைக்காவிட்டால், கீழ்ச்சுருதி ஒலிகள்தாம் முதலில் கசிந்து ஓடும். அடைத்தால் தங்கும். ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குவோரில் பலருக்கு வேண்டியிருந்தது பெரிய குமிழ் ஒன்றுதான். இடக்காதும் வலக்காதும் ஒரே அளவாக இருக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரு பக்கம் நடுத்தரம், மறுபக்கம் பெரிது என்று போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அழுத்தினால் சுருங்கி உள்ளே போய் விரியும் நுரைக்குமிழைத் தனியாக வாங்கிப் போடுவோரை இவ்வாய்வு ஞானிகள் வரிசையில் வைக்கிறது.

பெட்டியில் உள்ள பிற எண்களைப் பார்ப்போம். ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை’ என்பது மனிதக் காதின் எல்லை. இந்தப் பெட்டி மனிதருக்கானது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. 10 மில்லிமீட்டர் டிரைவர், 13 மில்லிமீட்டர் டிரைவர் என்பது உள்ளே காந்தத்தில் அதிரும் சவ்வின் அகலம். அகலமான வாய் உள்ளவரெல்லாம் பாடகராகிவிட்டால் இந்த எண்ணையும் நம்பலாம்.

ஆகவே முன்னோர் வகைப்பாட்டைக் காதுக்கருவிக்கு ஏற்றிப்பார்த்தோம். குமிழ் பொருந்தி, குரலும் கருவியும் தனித்தனியே நிற்பது ஆணி. குரல் தெளிவாக இருந்தும் மேலே லேசாகப் புகை படிந்தது மசங்கு. பையில் போட்டு எடுத்ததில் செருகி வளைந்து, குறிப்பிட்ட கோணத்தில் பிடித்தால் மட்டும் இடப்பக்கம் பாடுவது மடங்கு. பெரிய பெயர் ஏதுமில்லாமல், பேருந்து நிலைய வாசலில் தொங்கி, வாங்கியவரை வியக்கவைப்பது வடிவு. கைபேசியோடு இலவசமாக வருவது பெரும்பாலும் தூள்.

இலவசம் என்றதும் ஒரு வரலாற்றுக் குறிப்பு. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, எதிர்த்த ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, ஒரு கட்டத்தில் சும்மாவே ஏற்றிக்கொண்டு, கூடவே ஒரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். குடை நனையாமல் காத்தது, கம்பெனி மூழ்கியது. ‘போன் வாங்கினால் இயர்பட் இலவசம்’ என்னும் பலகையைப் பார்த்தால் இந்த ஊர்க்காரராவது ஒரு நிமிடம் நின்று யோசிக்கக் கடமைப்பட்டவர்.

காதில் வைத்துப் பார்க்காமல் பெட்டியோடு வாங்குவோருக்கும் முன்னோடிகள் உண்டு. முத்துக்குளிப்பில் சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விட்டார்கள். எடுத்தவர் அவற்றை அழுகவிட்டு, நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு, கழுவித் தேடும்வரை உள்ளே முத்து உண்டா என்று அவருக்கே தெரியாது. செல்வந்தரானவர் உண்டு, சிப்பி ஓட்டோடு வீடு திரும்பியவர் அதிகம். 1961க்குப் பிறகு இந்தியக் கரையில் அந்த முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சூதாட்டத்துக்குப் பழகிய கை சும்மா இருக்குமா? இணையத்தில் ஆர்டர் போடுகிறது.

சோதனைப் பாட்டு எது என்பதில் இவ்வாய்வுக்கு ஐயமே இல்லை. ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் எஸ். ஜானகி பாட, காருகுறிச்சி அருணாசலம் நாகஸ்வரம் வாசித்த ‘சிங்கார வேலனே தேவா’. கோவில்பட்டியில் வாழ்ந்து அங்கேயே சிலையாக நிற்பவர் காருகுறிச்சியார், எனவே மாவட்ட எல்லையும் மீறப்படவில்லை. நாகஸ்வரம் எங்கே முடிந்து ஜானகி எங்கே தொடங்குகிறார் என்று தெரியவில்லையென்றால், இயர்போனைக் குறை சொல்லவேண்டாம். அந்த இரண்டு பேரைத்தான் சொல்லவேண்டும்.

கடல்கட்டியும் ஒலிநீக்கமும்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு செய்தியைக் குறித்துவைத்தார். முத்துக் குளிப்பவர்களைப் பெருமீன்கள் தாக்காதபடி மந்திரம் போட்டுக் கட்டிவைக்க ஆட்கள் இருந்தார்கள். கிடைத்ததில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு; மந்திரக்காரருக்கு இருபதில் ஒன்று. பிற்காலத்தில் கடல்கட்டி என்று அழைக்கப்பட்டவர்கள் இவர்களே. வெனிஸ்காரர் குறித்த நுணுக்கம் இன்னொன்று உண்டு: மந்திரம் பகலுக்கு மட்டுந்தான். பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். இரவில் திருட்டுத்தனமாகக் குளிக்க இறங்குபவர் சுறாவுக்குப் பதில் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்று ஏ.என்.சி. என்று விற்கப்படும் ஒலிநீக்கம் இதே தொழில். கருவியின் வெளிப்புறத்தில் நுண்ணிய மைக் இருக்கிறது. வெளி இரைச்சலைக் கேட்டு, அந்த அலையின் மேட்டுக்குப் பள்ளமும் பள்ளத்துக்கு மேடுமாக எதிரலை ஒன்றை உண்டாக்கிக் காதுக்குள் விடுகிறது. இரண்டும் மோதி அடங்குகின்றன. சார்ஜ் இருக்கும்வரை மந்திரம். தீர்ந்ததும் கட்டு அவிழ்ந்துவிடும்.

எந்த மீனைக் கட்டும், எதைக் கட்டாது என்பதில்தான் வாங்குவோர் ஏமாறுகிறார்கள். விடாமல் ஒரே சீராக உறுமுகிற கீழ்ச்சுருதி இரைச்சலை அது நன்றாகக் கட்டும்: வள்ளத்தின் டீசல் எஞ்சின், முத்துநகர் எக்ஸ்பிரஸின் குளிர்பதனப் பெட்டி, துறைமுகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் ஜெனரேட்டர். திடீரென்று எழுந்து விழுகிற உயர் ஒலிகள் அதன் கைக்குள் அடங்குவதில்லை. ஏலக்கூடத்தில் நெத்திலிக்கு விலை கூறும் குரலை உலகின் எந்த ஒலிநீக்கியும் நீக்கியதாகச் சான்று கிடையாது. நீக்கவும் கூடாது, விலை போய்விடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இன்னொரு தொல்லை. காற்று நேராக அந்த மைக்கிலேயே மோதி, கருவி தானே ஓர் இரைச்சலைப் படைத்துக் காதுக்குள் ஊதும். ரோச் பூங்காவில் சாயங்காலம் நடப்பவர்கள் ஒலிநீக்கத்தை அணைத்துவிட்டு நடந்தால் நிம்மதி. இருபதில் ஒரு பங்கு மிச்சம்.

கயிற்றியல்

ஆய்வின் உயிர்ப்பகுதி இது. நிதானமாக வாசிக்க வேண்டுகிறேன்.

தொலையிரம் பார் என்னும் முத்துச்சிப்பிப் படுகையில் குளித்தவர் தனியாகக் கடலுக்குள் போகவில்லை. கல் கட்டிய கயிற்றில் காலை வைத்து இறங்கினார். சிப்பி அள்ளும் பைக்கு இன்னொரு கயிறு. இரண்டின் மறுநுனியும் வள்ளத்தில் நிற்பவர் கையில். மூச்சு முட்டினால் கயிற்றைச் சுண்டுவார். மேலே இருப்பவர் இழுப்பார். அந்தச் சுண்டலை உணரத் தவறினால் அவ்வளவுதான். அதனால் கயிற்றை மனைவியின் தம்பியிடம், அதாவது மச்சானிடம், கொடுப்பார்கள் என்று கரையில் சொல்வார்கள். காரணம் பாசம் அல்ல. அக்காளுடைய தாலி மச்சானின் கையில் இருக்கிறது.

இனி, ஒயர் உள்ள இயர்போனை அணிந்து பேருந்தில் உட்கார்ந்திருக்கும் இளைஞரைப் பார்க்க. நடத்துநர் சீட்டுக் கேட்கிறார். கேட்கவில்லை. பக்கத்தில் இருப்பவர் ஒயரை ஒரு சுண்டு சுண்டுகிறார். இளைஞர் மேலே வருகிறார். காலங்காலமாகச் செம்மைப்பட்ட மீட்புமுறை இது. ஒயர் இல்லாத இயர்பட்டில் சுண்ட என்ன இருக்கிறது? தோளைத் தட்டினால் திடுக்கிடுகிறார். தட்டாவிட்டால் இறங்கவேண்டிய நிறுத்தம் போய்த் திருச்செந்தூரில் இறங்குகிறார். புண்ணியம் கிடைக்கிறது, பயணத்தின் நோக்கம் நிறைவேறவில்லை.

இக்கருத்தைச் சங்கு குளித்து ஓய்ந்த ஒரு பெரியவர்முன் வைத்தேன். இயர்பட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“இதக் காதுல அடச்சுக்கிட்டா உள்ள போறதுக்குத் தோதா இருக்கும்லா, பெரியவரே?” என்று கேட்டேன்.

“காத அடச்சுக்கிட்டு எறங்குனா செவிப்பற கிழிஞ்சிரும் தம்பி. மூக்கப் பிடிச்சுக் காத்த உள்ள தள்ளித்தான் போவோம்” என்றார். பத்து மீட்டர் இறங்கினால் இன்னொரு வளிமண்டலத்தின் எடை காதில் ஏறும் என்பது இயற்பியல். அவர் செவிப்பறையால் படித்தவர். பிறகு அவரே கேட்டார்: “அது கெடக்கட்டும். இதுக்குக் கயிறு எங்க?”

ஒட்டுமொத்த ஆய்வையும் அவர் மூன்று சொல்லில் முடித்துவிட்டார். நான் பக்கங்களுக்காகத் தொடர்கிறேன்.

சோனியும் ஒரு காலத்தில் கயிற்றுக் கோட்பாட்டை ஏற்றிருந்தது. முதல் வாக்மேனில் இயர்போன் செருக இரண்டு துளைகள். ஒருவர் மட்டும் தனியே கேட்பது மரியாதைக் குறைவாகுமோ என்று நிறுவனத் தலைவர் அக்கியோ மொரிட்டா கவலைப்பட்டதால் வந்த ஏற்பாடு அது. இருவரும் பேசிக்கொள்ளத் தனிப் பொத்தான்கூட இருந்தது. அந்த இரண்டாம் துளையை மச்சான் துளை என்று வகைப்படுத்துகிறோம். பின்வந்த காலத்தில் அது மறைந்தது. 2016இல் ஐபோன் 7 எஞ்சியிருந்த ஒரே துளையையும் மூடியது. மச்சான் முறை ஒழிந்ததும் குளிப்பவர் முறையும் ஒழிந்தது.

அந்த இடத்தில் வந்து அமர்ந்தவர் யார்? போர்ச்சுக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் இங்கு வந்தார்கள். 1658இல் டச்சுக்காரர் பிடித்தார்கள். பிறகு ஆங்கிலேயர். டேனியர் மட்டும் தரங்கம்பாடியோடு நின்றுவிட்டதாகப் பாடநூல்கள் எழுதுகின்றன. திருத்திக்கொள்க. 10ஆம் நூற்றாண்டு டேனிய அரசர் ஹரால்ட் புளூடூத், கப்பலும் கோட்டையும் இன்றித் தம் பெயரை மட்டும் அனுப்பி, தூத்துக்குடியின் பெருவாரியான காதுகளைக் கைப்பற்றிவிட்டார். வ.உ.சி. இருந்திருந்தால் சுதேசி ஒயர் கம்பெனிக்குப் பங்கு திரட்டியிருப்பார்.

அந்த அரசருக்கும் ஒரு பலவீனம் உண்டு: தண்ணீர். புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். கடலுக்குள் நாலு விரற்கடை போனாலே பாட்டு நின்றுவிடும். மனித உடம்பும் பெரும்பாலும் தண்ணீரே ஆகையால், கைபேசியை இடப்பக்கப் பின்பையில் வைத்துவிட்டு வலக்காதில் கேட்பவருக்கு, திறந்த வெளியில் பாட்டு விட்டு விட்டு வருவதுண்டு. உடம்பே நடுவில் கடலாக நிற்கிறது.

கயிற்றின் இரண்டாம் பயன் கடல் தாண்டியது. கைபேசியின் எஃப்.எம். வானொலிக்குத் தனி ஏரியல் கிடையாது. இயர்போனின் ஒயரே ஏரியல். செருகினால்தான் பாடும். இந்தக் கரையில் அது எவ்வளவு பெரிய செய்தி என்பது இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரலைச் சொந்தக்காரர் குரலாகப் பாவித்த ஊர்கள் வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை உண்டு. அகில இந்திய வானொலியும் பதிலுக்குத் தூத்துக்குடியில் 200 கிலோவாட் ஒலிபரப்பி வைத்து, இலங்கையை நோக்கித் தமிழில் பேசியது. கடல்மேல் வெப்பக் காற்றடுக்கு படியும் நாட்களில் எஃப்.எம். அலையும் அடிவானத்தைத் தாண்டி நெடுந்தூரம் போகும். அப்படியொரு மாலையில் கடற்கரையில் நின்று ஒயரைச் செருகினால், கொழும்புத் தமிழ் அறிவிப்பாளர் கடவுச்சீட்டு இல்லாமல் வந்து சேருவார். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்த இயர்பட்டுக்கு அவரை வரவேற்கத் தெரியாது. 2023இல் மத்திய அரசு, கைபேசிகளில் எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. அறிவுறுத்தலில் ஒயரைப் பற்றியும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

உப்பு

பெட்டியில் ஐ.பி.எக்ஸ்.7 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். தூத்துக்குடியில் நல்ல தண்ணீர் லாரியில் வரும். மற்ற எல்லாத் திசையிலிருந்தும் வருவது உப்பு. ஐ.பி.எக்ஸ்.4 வேர்வைக்கும் தூறலுக்கும் போதும், ஆனால் கடற்காற்றில் நடந்து வந்தபின் ஈரத்துணியால் துடைத்து உலரவைக்காவிட்டால், சார்ஜ் ஏறும் பித்தளைப் புள்ளிகளில் பச்சை பூக்கும். இயர்பட்டின் உள்ளே இருக்கும் பொடி பேட்டரியை மாற்றவும் முடியாது. இரண்டு மூன்று ஆண்டில் அது மூச்சு வாங்கத் தொடங்கும். ஒயரில் பேட்டரி இல்லை. கருவாட்டைப் போல இந்த ஊர்ப் பருவநிலைக்கென்றே பிறந்த பொருள் அது.

வலம்புரிச் சிக்கல்

விட்டுவைத்த சங்குக்கு வருவோம். அதைக் காதில் வைத்தால் கேட்பது கடலின் இரைச்சல் இல்லை. நம்மைச் சுற்றி எப்போதும் இருக்கும் மெல்லிய ஓசைகளைச் சங்கின் வளைந்த குழி பிடித்து, சில சுருதிகளை மட்டும் பெருக்கித் திருப்பித் தருகிறது. எனவே சங்கு ஒற்றைக் காதுக்கான, பேட்டரியற்ற, முழுமையாக நீர் தாங்கும் கருவி என வகைப்படுத்தப்படுகிறது. கைவசம் ஒரே பாட்டு என்பது குறையே.

கடலில் கிடைக்கும் சங்கு ஏறத்தாழ எல்லாமே இடம்புரி. வலம்புரி அபூர்வம், லட்சங்களில் விலை பேசுவார்கள், போலிகளும் திரியும். இப்போது மனிதக் காதின் உள்ளே பார்க்க. ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் உறுப்பு, இரண்டரைச் சுற்றுக்குச் சற்றுமேல் சுருண்ட நத்தை வடிவம். இடக்காதின் சுருளும் வலக்காதின் சுருளும் கண்ணாடிப் பிம்பம்போல எதிரெதிராகத் திரும்பியவை. ஆக, ஒன்று இடம்புரியென்றால் மற்றது வலம்புரியாகவே இருந்தாகவேண்டும். பிறந்த ஒவ்வொருவர் தலையிலும் கலப்படமில்லாத வலம்புரி ஒன்று இருக்கிறது. இக்கண்டுபிடிப்பு வெளியானால் சங்குச் சந்தையில் ஏற்படக்கூடிய சரிவுக்கு இவ்வாய்வாளர் பொறுப்பல்லர்.

அந்த வலம்புரியை நாம் நடத்தும் விதம் நன்றாக இல்லை. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலுக்குள் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்; 90ஐத் தொட்டால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். எழும்பூரில் முத்துநகர் ஏறியவுடன் ஒலியை முக்கால்வாசிக்கு மேல் தூக்கிவைப்பவருக்குத் திருச்சி வருமுன் அந்த வார ஒதுக்கீடு தீர்ந்துவிடக்கூடும். குமிழ் சரியாகப் பொருந்தினால் வெளி இரைச்சல் தானே குறையும். ஒலியைத் தூக்கவேண்டிய தேவையும் குறையும். கண்டெய்னர் லாரிகள் வரிசையாக வரும் துறைமுகச் சாலையில் நடப்பவர் இரண்டு காதையும் அடைக்காமல் ஒன்றைத் திறந்துவைப்பது, பாட்டு இரசனைக்கு மட்டுமே இழுக்கு.

மேலாய்வுக்குரிய களங்கள்

முதலாவது, பாம்படம் வளர்த்த காதில் வளையம்போலத் தொங்கவிடத்தக்க ஹெட்செட்டை வடிவமைத்தல். இதற்குத் தகவலாளர்களாக வாய்க்கும் பாட்டிமார்கள் குறைந்துவருவதால் நிதி விரைந்து ஒதுக்கப்படவேண்டும்.

இரண்டாவது, மக்ரூன் பொடி இயர்பட் வலையில் புகுவதால் தேய்வது உச்சஸ்தாயியா கீழ்ஸ்தாயியா என்பது. தேவைப்படும் மக்ரூன் அளவு முன்மொழிவில் தனியாக இணைக்கப்படும்.

மூன்றாவது, வலம்புரி இருப்பது இடக்காதிலா வலக்காதிலா. மேலிருந்து பார்ப்பதா, முனையிலிருந்து பார்ப்பதா என்பதில் ஏற்கெனவே இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. ஒரு கட்சி ஒயரைச் சுண்டியும் மறுகட்சி திரும்பிப் பார்க்கவில்லை; விசாரித்ததில், அவர்கள் இயர்பட் போட்டிருந்தார்கள்.

நான்காவது, கயிற்றைப் பிடிக்க மச்சான் இல்லாதவர் என்ன செய்வது. கொழுந்தியாளிடம் கொடுக்கலாமா என்று ஆய்வு நெறியாளரிடம் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.